மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு (தாவர நோயியல்)

மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்பது பாக்டீரியாக்கள் தம் புரதங்களை வேறோர் உயிரினத்தின் உயிரணுவுக்குள் நேரடியாகச் செலுத்தப் பயன்படுத்தும் ஊசி போன்ற மூலக்கூற்று அமைப்பாகும். கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் பலவற்றில் இது காணப்படுகிறது. சால்மோனெல்லா போன்ற விலங்கு நோய்க்காரணிகளிலும் இவ்வமைப்பு உண்டு. இக்கட்டுரை தாவர நோய்களில் அதன் பங்கை விளக்குகிறது. நெல்லில் இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே, தக்காளி, கத்தரி ஆகியவற்றில் வாடல் நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம், தக்காளியில் இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்ஜே ஆகியவை இவ்வமைப்பைக் கொண்டவை. இதன் வழியாகச் செலுத்தப்படும் புரதங்கள் எஃபெக்டர் புரதங்கள் எனப்படுகின்றன. இவ்வமைப்பை இழந்த பாக்டீரியா உயிருடன் இருந்தாலும் பொதுவாக நோயை உண்டாக்குவதில்லை.

கண்டுபிடிப்பு

1986 ஆம் ஆண்டில் லிண்ட்கிரென், பீட், பனோபௌலஸ் ஆகியோர் பீன்ஸ் செடியைத் தாக்கும் சூடோமோனாஸ் சிரிஞ்ஜே வகையொன்றில் ஒரு மரபணுத் தொகுதியைக் கண்டறிந்தனர். இம்மரபணுக்கள் சிதைக்கப்பட்ட பாக்டீரியாக்கள் பீன்ஸில் நோயை உண்டாக்கவில்லை. இப்பாக்டீரியாவால் நோயுறாத புகையிலைச் செடியில் வழக்கமாக ஏற்படும் விரைவான உயிரணு இறப்பையும் அவை தூண்டவில்லை. இவ்வுயிரணு இறப்பு தாவரத்தின் தற்காப்பு வினையாகும். நோயும் அதற்கான எதிர்ப்பும் ஒரே மரபணுக்களைச் சார்ந்திருப்பது ஏன் என்பது புதிராக இருந்தது. இவை புரதங்களைச் செலுத்தும் அமைப்பை உருவாக்கும் மரபணுக்கள் என்பது 1990களில் தெரியவந்த பின்னரே விடை கிடைத்தது.

அமைப்பு

இவ்வமைப்பின் அடிப்பகுதி பாக்டீரியாவின் உட்சவ்வு, வெளிச்சவ்வு இரண்டையும் ஊடுருவி நிற்கிறது. அதிலிருந்து வெளிநோக்கி ஒரு குழல் நீளுகிறது. தாவர உயிரணு தடித்த செல்லுலோசுச் சுவரால் சூழப்பட்டுள்ளதால், தாவர நோய்க்காரணிகளின் குழல் விலங்கு நோய்க்காரணிகளின் ஊசியைவிட மிக நீளமானது. அதன் விட்டம் சுமார் 8 நானோமீட்டர் மட்டுமே. நீளமோ சில மைக்ரோமீட்டர் வரை இருக்கும். உட்துளை மிகக் குறுகியது. ஆகவே புரதங்கள் மடிப்பு அவிழ்ந்த நிலையிலேயே அதன் வழியே செல்கின்றன. எந்தப் புரதம் செலுத்தப்பட வேண்டும் என்பதை அதன் தொடக்கப் பகுதியிலுள்ள குறிப்பு உணர்த்துகிறது.

எஃபெக்டர் புரதங்களின் பணி

தாவர உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் பாக்டீரியாவின் கசையிழைப் புரதம் போன்றவற்றை அறிந்து தற்காப்பைத் தொடங்குகின்றன. எஃபெக்டர்கள் பல இத்தற்காப்பை முடக்குகின்றன. சான்றாக, சூடோமோனாஸ் செலுத்தும் ஒரு புரதம் கசையிழையை உணரும் ஏற்பியை அழிவுக்குரியதாக அடையாளமிட்டு, உயிரணுவே அதைச் சிதைக்குமாறு செய்கிறது. வேறு சில, உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் நீர் தேங்கச் செய்து பாக்டீரியா பெருக வழிசெய்கின்றன. நோயுற்ற இலைகளில் முதலில் தோன்றும் நீர் ஊறிய புள்ளிகள் இதன் அடையாளமாகும்.

நெல் இலைக்கருகல் நோய்

சாந்தோமோனாஸ் ஒரைசே இலை விளிம்பிலுள்ள நீர்த்துளைகள், காயங்கள் ஆகியவற்றின் வழியே நுழைந்து சைலம் குழாய்களில் பெருகுகிறது. இது செலுத்தும் டால் புரதங்கள் உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று நெல்லின் டி.என்.ஏ மீது அமர்கின்றன. இப்புரதத்தில் சுமார் 34 அமினோ அமிலங்கள் கொண்ட அலகு பலமுறை அடுத்தடுத்து வருகிறது. ஒவ்வோர் அலகின் 12, 13 ஆம் அமினோ அமிலங்களும் டி.என்.ஏயின் ஓர் எழுத்தைத் தீர்மானிக்கின்றன. இக்குறியீட்டை இரண்டு ஆய்வுக் குழுக்கள் 2009 இல் தனித்தனியே கண்டறிந்தன. டால் புரதங்கள் பின்னர் மரபணுத் திருத்தக் கருவிகளாகவும் பயன்பட்டன.

டால் புரதங்களுள் சில, நெல்லின் 'ஸ்வீட்' மரபணுக்களை இயங்கச் செய்கின்றன. இம்மரபணுக்கள் சர்க்கரையை உயிரணுவிலிருந்து வெளியேற்றும் புரதங்களை உருவாக்குபவை. இதனால் வெளிவரும் சர்க்கரை பாக்டீரியாவுக்கு உணவாகிறது எனக் கருதப்படுகிறது.

தாவரத்தின் எதிர்ப்பு

எஃபெக்டர் புரதமே நோய்க்காரணியைக் காட்டிக்கொடுக்கவும் கூடும். உயிரணுவினுள் உள்ள எதிர்ப்புப் புரதங்கள் அதன் வருகையை உணர்ந்தால், தாக்கப்பட்ட உயிரணு விரைந்து இறந்து நோய் பரவாமல் தடுக்கிறது. மேற்கூறிய புகையிலைப் புதிரின் விளக்கமும் இதுவே.

நெல்லின் எக்ஸ்ஏ13 எதிர்ப்பு மரபணு வேறு வகையில் செயல்படுகிறது. இது ஸ்வீட் மரபணு ஒன்றின் மாற்று வடிவம். டால் புரதம் அமரும் இடம் இதில் மாறியிருப்பதால் பாக்டீரியாவால் இதை இயக்க முடிவதில்லை. ஸ்வீட் மரபணுவை முற்றிலும் நீக்குவது தீர்வாகாது. மகரந்த வளர்ச்சிக்கும் அது தேவை. மேலும், சில பாக்டீரியா வகைகள் வேறொரு ஸ்வீட் மரபணுவை இயக்கி இத்தடையை மீறுகின்றன. எனவே ஒரே எதிர்ப்பு மரபணுவை நம்புவது நிலைத்த பயன் தருவதில்லை.

இதனால் பல எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே இரகத்தில் சேர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஆந்திரா பொன்னி என அறியப்படும் சம்பா மசூரியில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21 ஆகிய மூன்றையும் இணைத்து ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008 இல் வெளியிடப்பட்டது. மூன்று ஸ்வீட் மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் திருத்தப்பட்ட நெல் வகைகள் பற்றிய ஆய்வுகள் 2019 இல் வெளியாயின.

பிற நோய்க்காரணிகள்

அக்ரோபாக்டீரியம் நான்காம் வகைச் சுரப்பு அமைப்பின் மூலம் புரதங்களுடன் டி.என்.ஏவையும் தாவரத்துக்குள் செலுத்துகிறது. பூஞ்சைகளுக்கும், உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகலை உண்டாக்கும் ஃபைட்டோஃப்தோராவுக்கும் இத்தகைய ஊசி அமைப்பு இல்லை. இவற்றுள் பல, தாவர உயிரணுவின் சவ்வை அழுத்தி வளரும் உறிஞ்சு உறுப்புகளிலிருந்து எஃபெக்டர்களைச் சுரக்கின்றன.