கல்லீரலும் இன்சுலினும்

கணையம் சுரக்கும் இன்சுலின், வாயிற்சிரை வழியே முதலில் கல்லீரலை அடைகிறது. ஏறத்தாழ பாதி அங்கேயே ஏற்பிகளோடு பிணைந்து, செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சிதைகிறது. ஆகவே சிதம்பரத்திலோ லண்டனிலோ கைச்சிரையில் எடுத்த இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தாலே கணையம் மிகையாகச் சுரக்கிறது என்று தீர்த்துவிட முடியாது. கல்லீரல் குறைவாக எடுத்துக்கொண்டிருக்கலாம். 1986-இல் நீரிழிவு ஆய்வாளர் வி. மோகன் குழுவினர் ஒப்பிட்டபோது, ஐரோப்பியரைவிட இந்தியருக்கு இரத்த இன்சுலின் அளவு கூடுதலாக இருந்தது. இன்சுலின் எதிர்ப்பு ஒன்றே போதிய காரணம் என்று மறுப்போர் உண்டு. எதிர்ப்பு உண்மைதான், ஆனால் கொழுப்பேறிய கல்லீரலில் இன்சுலின் நீக்கமும் குறைகிறது. மிகைச் சுரப்பையும் குறைந்த நீக்கத்தையும் பிரித்தறிய உதவுவது, இன்சுலினோடு சம எண்ணிக்கையில் சுரந்து, கல்லீரலில் பெரிதும் தங்காத சி-பெப்டைடு. அதுவும் குறையற்ற அளவுகோலன்று: இன்சுலினின் அரை ஆயுள் சுமார் 5 நிமிடம், சி-பெப்டைடுக்கோ 30. கணையம் சுரப்பதற்கு மாறாக, வயிற்றிலோ தொடையிலோ ஊசியால் ஏற்றும் இன்சுலின், கல்லீரலை முதலில் சந்திப்பதே இல்லை.