கணினியும் செங்கீழ்க்கதிரும்

ஒரு சாதனம் வழக்கொழியுமாயின், அதனினும் விரைவான வேறொன்று தோன்றி அதனை வென்றது என்று கொள்வதே பொதுவழக்கு. கணினியிலிருந்து கணினிக்குக் கம்பியின்றிச் செய்தி கடத்திய செங்கீழ்க்கதிர் அடாப்டரின் வரலாறு இதற்கு மாறானது. வேகத்தில் அது தோற்றதன்று.

செங்கீழ்க்கதிரை முதன்முதல் இனங்கண்டவர் வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல் ஆவர். 1800 ஆம் ஆண்டிலே ஞாயிற்றொளியை அரியத்தினூடு செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து ஆராய்ந்தார். செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலனாகாத இடத்திலே வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். ஒளியையே செய்தியின் ஊர்தியாகக் கொள்ளலாம் என்பதை 1880 இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் காட்டினார். அவரும் அவர்தம் உதவியாளர் தெயின்ரரும் வாஷிங்டன் நகரிலே ஞாயிற்றொளிக் கற்றை கொண்டு ஏறத்தாழ 213 மீற்றர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பினர். தொலைபேசியிலும் இதுவே சிறந்ததெனப் பெல் கருதினார். உலகமோ தொலைபேசியையே ஏற்றுக்கொண்டது.

ஒரு நூற்றாண்டின் பின்னர் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தார் தம் கணிப்பான்களுக்கும் சிறு அச்சுப்பொறிகளுக்குமிடையே இக்கதிரைப் பயன்படுத்தினர். 1990 இல் வெளிவந்த அவர்களது எச்.பி. 48 எஸ்.எக்ஸ். கணிப்பான்கள் இரண்டு நேருக்கு நேர் வைக்கப்பட்டபோது தம்முள் தரவுகளைப் பரிமாறிக்கொண்டன. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனிமுறை வகுப்பின் பயன் யாது? ஆகவே 1993 இல் ஐ.ஆர்.டீ.ஏ. என்னும் பொதுச்சங்கம் அமைந்தது. 1994 இல் அது வகுத்த முதல் நியமத்தின் வேகம் செக்கனுக்கு 1,15,200 பிற்று ஆகும். அடுத்த ஆண்டே அது 40 இலட்சமாக உயர்ந்தது.

அம்முதல் நியமத்தின் நுட்பம் எளிமையானது. பூச்சியத்துக்கு ஓர் ஒளித்துடிப்பு, ஒன்றுக்கு இருள். துடிப்பும் பிற்றின் காலத்தில் பதினாறில் மூன்று பங்கே நீடிக்கும். இதனால் மின்கலத்தின் ஆற்றல் மிஞ்சியது. எல்லை ஒரு மீற்றர். கதிரோ அச்சிலிருந்து 15 பாகை அளவே விரியும். சுவரை ஊடுருவாமையால் அடுத்த அறையிலுள்ளார் ஒற்றுக்கேட்டலும் அரிதாயிற்று. இக்குறுகிய எல்லையைக் குறையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

இடர்ப்பாடு வேறிடத்திலேயே இருந்தது. மடிக்கணினிகளில் இக்கருவி உள்ளேயே பொருந்தி வந்தது. மேசைக்கணினி உடையவரோ அதனைத் தாமே பொருத்தல் வேண்டும். தாய்ப்பலகையில் இதற்கெனச் சில ஊசிகள் இருந்தன; அவற்றின் வரிசை பலகைக்குப் பலகை வேறுபட்டது. 5 வோல்ற்று மின்னைத் தவறான ஊசியிற் கொடுப்பின் கருவி பழுதாகவும் கூடும். அடுத்துப் பயோசினுட் புகுந்து, இரண்டாம் தொடர்த்துறையைச் செங்கீழ்க்கதிருக்கென மாற்றவேண்டும். மாற்றியதும் அத்துறையிலே முன்பு இணைந்திருந்த மோடமோ மவுசோ செயலிழந்து நிற்கும்! இதன் பின்னும் விண்டோஸ் 95 அக்கருவியைத் தானாக அறிந்துகொள்ளாது. உடையவரே பட்டியலிற் தெரிந்து காட்டவேண்டும். அது உண்டாக்கும் கற்பிதத் துறையின் எண்ணைப் பயன்பாட்டு மென்பொருளுக்கும் தனியே அறிவித்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் பேச்சில்லை. பிழை எங்கென்று சொல்வாருமில்லை. பின்னர் வந்த யூ.எஸ்.பி. அடாப்டர்கள் இத்தொல்லையைப் பெரிதும் நீக்கின. எனினும் காலம் கடந்துவிட்டது.

1998 இல் எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா என்னும் ஐந்து நிறுவனங்கள் கூடிப் புளூடூத் முறைக்கு அடிகோலின. மறு ஆண்டு வெளியான அதன் முதல் நியமத்தின் வேகம் செக்கனுக்கு 10 இலட்சம் பிற்றே. செங்கீழ்க்கதிரின் விரைவு நியமத்தில் நான்கிலொரு பங்கு. ஆயினும் வானொலி அலை பையினுள்ளிருந்தும் பேசும்; கருவிகளை முகத்துக்கு முகம் வைத்துப் பிடித்திருக்க வேண்டுவதில்லை. செவியில் அணியும் கருவிக்குக் கைபேசியை நோக்கியவாறே நடக்க எவரால் இயலும்? செங்கீழ்க்கதிர் ஒரு கோப்பை அனுப்பி முடிக்கும் சிறுபொழுதுக்கே ஏற்றது. இடையறாத் தொடர்புக்கு ஏற்றதன்று. தோல்வியின் மூலகாரணம் இதுவே எனலாம்.

2018 இல் லினக்ஸ் கருவகத்தின் 4.17 ஆம் பதிப்பிலிருந்து ஐ.ஆர்.டீ.ஏ. நிரல்கள் முற்றாக நீக்கப்பட்டன. தொலைக்காட்சியை இயக்கும் கைக்கருவியிலே அக்கதிர் இன்றும் வேறு முறையிற் பணிசெய்கின்றது. ஆழ்கடலில் மூழ்குவோர் சிலரது பழைய மணிக்கட்டுக் கணிப்பான்கள் தம் பதிவுகளை இக்கதிர் வழியாகவே வெளியிடுவன. அவற்றை வைத்திருப்போர் யூ.எஸ்.பி. அடாப்டர்களையும் கைவிடாது பேணி வருகின்றனர்.