ஒரே மேசை: தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து பட்டணத்து உணவகம் வரை



பள்ளி விடுமுறைக்கு முன்பு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'குடும்பத்துடன் உணவகத்தில் ஒரு நாள்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் பயிற்சி அளித்தேன். பெரும்பாலோர் எதிர்பார்த்தபடியே எழுதியிருந்தனர். கோழிப்பொரியல், ஐஸ்கிரீம், அப்பா பணம் கட்டினார், மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் பாட்டி கடைக்கு வந்தால் உடனே உட்கார மாட்டார். ஓரமாக நிற்பார். அப்பா கையைப் பிடித்து உட்கார வைப்பார். ஏன் பாட்டி என்று கேட்டால் பழக்கம் என்று சொல்வார்."

எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பாட்டி ஏன் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் பாட்டியும் அப்படித்தான் நின்றார். நம் பிள்ளைகளுக்கு வார இறுதிப் பொழுதுபோக்காகிவிட்ட ஒன்று, நம் முன்னோருக்கு எளிதில் கிட்டாத உரிமையாக இருந்தது. அந்த வரலாற்றைப் பாடநூல்கள் விரிவாகச் சொல்வதில்லை. எனவே இக்கட்டுரை.

கள்ளுக்கடை என்னும் பொதுமன்றம்

எங்கள் ஊர் பெக்கான் நானாஸ். பொந்தியான் மாவட்டத்தில், ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியானுக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிறு பட்டணம். பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. மட்கிய சதுப்பு மண்ணில் அன்னாசி செழித்து வளரும். அன்னாசிக்கென ஓர் அரும்பொருளகமும் இங்குண்டு. வெளியூரார் எங்கள் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் இங்குள்ள வான்தான் மீ கடைகளைப் பற்றித்தான் விசாரிப்பர். ஆனால், இவ்வட்டாரத் தமிழரின் கதை பட்டணத்தில் தொடங்கவில்லை. மற்ற ஊர்களைப்போலவே அது தோட்டப்புற லயங்களில் தொடங்குகிறது.

1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களின் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போய்த் திரும்பிய தொழிலாளி மாலையில் நண்பர்களுடன் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமல்லவா? பல தோட்டங்களில் அதற்கெனக் கிடைத்த இடம் கள்ளுக்கடை ஒன்றே. தொழிலாளி படிக்கப் படிப்பகம் இல்லாத தோட்டத்திலும் கள்ளுக்கடை இருந்தது. அது சட்டப்படி உரிமம் பெற்று நடந்த கடை.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாவது அதிகாரம். தோட்டத்தில் பிறந்த நம் மக்களுக்கு இவ்வரிசை தலைகீழாகவே வாய்த்தது. கூடி உட்கார்ந்து மகிழும் இடமும் குடும்பம் கெடும் இடமும் ஒன்றாகவே இருந்தன. ஆணின் கூலி அங்கே கரைந்தது. பெண்ணும் பிள்ளையும் வெளியே காத்திருந்தனர்.

இதனை எதிர்த்தவர்களும் தொழிலாளர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வுடன் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொரு கோரிக்கை. போராட்டத்தில் முன்னின்ற ஆர். எச். நாதன் அவ்வாண்டே நாடு கடத்தப்பட்டார். போருக்குப்பின், 1946-47ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். கள்ளும் மரியாதையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன என்பது சிந்திக்கத்தக்கது. 'எங்கே, யாருடன், எப்படி உட்காருகிறோம்' என்பது மானத்தைப் பற்றிய கேள்வி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஒட்டுக்கடையும் தனிக் குவளையும்

கப்பலேறி வந்த நம் மக்களுடன் சாதியும் கப்பலேறி வந்தது. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. என் பாட்டனார் வளர்ந்த தோட்டத்தில் ஓர் ஒட்டுக்கடை இருந்ததாம். தேநீரும் உளுந்து வடையும் கிடைக்கும். கடைக்குள் ஒரு நீளப் பலகை. அதில் உட்காரத் தகுந்தவர் யார், வெளியே குந்தியிருந்து குடிக்க வேண்டியவர் யார் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். வெளியே இருப்பவருக்குத் தனிக் குவளை. குடித்தபின் அவரே கழுவி வைக்கவேண்டும். என் பாட்டனார் வெளியே இருந்தவர்.

இதைச் சொல்லும்போது அவர் கோபப்பட்டதில்லை. தாழ்ந்த குரலில், யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைப்போலச் சொல்வார். பாட்டியோ அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. கடைக்குள் நுழைந்தால் நின்றார், அவ்வளவுதான்.

தாயகத்திலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை நாம் அறிவோம். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழைய எவரையும் சாதி, மதம் முதலியவற்றைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது எனத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்கிறது. நாட்டின் தலையாய சட்டத்தில் உணவகத்தைப் பெயர் சொல்லி எழுதவேண்டியிருந்தது என்றால், நோய் எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும்! அதன் பிறகும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்னும் உணவகத்தின் முன், பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகம் மறியல் செய்தது. 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்து நம் மக்களிடம் பேசிய தந்தை பெரியாரின் இயக்கமே அது.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1960 பிப்ரவரி 1ஆம் நாள், அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே உரிய உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். காப்பி கிடைக்கவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்து அமர்ந்தனர். நாளுக்குநாள் கூட்டம் பெருகியது. சூலைத் திங்களில் அந்தக் கடை வழிக்கு வந்தது. ஒரு கோப்பைக் காப்பிக்காக நடந்த போராட்டமன்று அது. ஒரு நாற்காலிக்காக நடந்தது.

சாதி கேட்காத மேசை

என் பாட்டனார் முதன்முதலில் நாற்காலியில் அமர்ந்து காப்பி குடித்தது ஒரு சீனர் காப்பிக்கடையில். சம்பள நாளன்று பட்டணத்துக்கு நடந்தே வந்தவர், தயங்கித் தயங்கி உள்ளே போயிருக்கிறார். கடைக்காரர் வட்டமான பளிங்கு மேசையைத் துடைத்து, மற்றவர்களுக்கு வைத்த அதே பீங்கான் கோப்பையை இவருக்கும் வைத்திருக்கிறார். "குடிச்சு முடிச்சதும் கோப்பையக் கழுவ எழுந்தேன். அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போயிட்டான்" என்பார் தாத்தா. எழுபது வயதிலும் அதைச் சொல்லும்போது அவர் முகம் மலரும்.

இந்நாட்டுப் பழைய காப்பிக்கடைகள் பலவற்றை நடத்தியவர்கள் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். மற்றச் சீனப் பிரிவினருக்குப் பிந்தி வந்தமையால் நல்ல தொழில்கள் அவர்களுக்குக் கிட்டவில்லை. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்து, பின்னர் சொந்தமாகக் கடை திறந்தனர். காசு கொடுப்பவர் வாடிக்கையாளர், அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டாலும் விளங்கியிராது.

மற்றொரு மேசை நம் தமிழ் முசுலிம் சகோதரர்களுடையது. பினாங்கில் காவடிபோல் தோளில் தடி சுமந்து, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்க நடந்து விற்றவர்களால் 'நாசி கண்டார்' என்ற பெயர் வந்தது. அங்குள்ள ஹமீதியா உணவகம் 1907ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. 'மாமா' என்று அன்புடன் அழைத்த நம் சொல்லே 'மாமாக்' ஆகி, நாடெங்கும் ஒரு கடைவகைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. மாவை வீசி மடித்துச் சுடும் ரொட்டி சானாய், ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு நீளமாக இழுத்து நுரையெழ ஆற்றும் தே தாரிக் ஆகியவற்றை இன்று மலாய்க்காரரும் சீனரும் தமக்குரிய பசியாறலாகவே கருதுகின்றனர். தமிழர் கை இட்ட உணவு நாட்டின் உணவாயிற்று.

ஆக, நம்மவருள் பலர் சமமாக உட்காரும் உரிமையை முதலில் சுவைத்தது பிறர் மேசைகளில்தான். இதனை நன்றியோடும் சற்று நாணத்தோடும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலத்துக்கு அப்பால் ஒரு வாழையிலை

ஜொகூர்த் தமிழருக்கு வேறொரு வாய்ப்பும் இருந்தது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலச்சாலை 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. அதே 1924இல்தான் சிங்கப்பூரில் ஆனந்த பவன் சைவ உணவகமும் தோன்றியது. 1947இல் சிராங்கூன் சாலையில் கோமளவிலாஸ் வந்தது. கடப்பிதழ்க் கவலை இல்லாத அக்காலத்தில், தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிங்கப்பூருக்குப் போவது இங்குள்ளவர்களுக்குப் பெரிய திருவிழா. சிறுவனாக அப்படிப் போன என் தந்தையார், வாழையிலையில் பரிமாறப்பட்ட சாப்பாட்டைவிடப் பரிமாறியவர் "இன்னுங் கொஞ்சம் போடவா தம்பி?" என்று கேட்டதையே அதிகம் நினைவுகூர்வார். அவரைத் 'தம்பி' என்று முதலில் அழைத்த அயலார் அவர்தானாம்.

குடும்பம் வந்து அமர்ந்த காலம்

அதுவரையிலும் கடைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்து, பெண்களும் தொழிற்சாலை வேலைக்குச் சென்று தனிச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் குடும்பம் முழுவதும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தது.

எங்கள் குடும்பத்துக்கு அந்த நாள் 1980களின் நடுவில் வந்தது. பெக்கான் நானாஸ் பட்டணத்து மாமாக் கடையில் ஐந்து பேருக்கு மூன்று ரொட்டி சானாய். "எனக்குப் பசியில்லை" என்றார் அம்மா. பாட்டி நின்றுகொண்டிருந்தார். தாத்தா அவரைப் பார்த்து, "உட்காரு. இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். பாட்டி நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். பாதி ரொட்டியை எனக்குப் பிய்த்துத் தந்தார். 'யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க' என்ற சொற்களின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் மலாய், சீனத் தோழிகளுடன் இரவு உணவுக்குச் சென்று, கதை பேசிக் கிடந்த நாள்களிலும் விளங்கவில்லை. பாட்டி மறைந்தபின், தாத்தா குவளைக் கதையைச் சொன்ன அன்றே விளங்கிற்று.

வெறுமையான நாற்காலிகள்

நம் காலத்துத் தடைகள் வேறு. 1998இல் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டதும், எங்கள் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர் வேலைக்குச் செல்வது எளிதாயிற்று; பெற்றோர் விடியலில் புறப்பட்டு இரவில் திரும்புகின்றனர். 2014 முதல் 2024 இறுதிவரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. ஞாயிறன்று அப்பாவுக்கு ஓய்வு, பிள்ளைக்குப் பள்ளி. ஒரே மேசையில் சேர்ந்துண்ண ஒரு நாளைத் தேடிய குடும்பங்களை நான் அறிவேன். 2025 சனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறை மீண்டும் வந்துள்ளது. 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது உணவகங்களில் அமர்ந்துண்ணத் தடை வந்தது. கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்தபோதுதான், அவை வெறும் நெகிழி இருக்கைகள் அல்ல என்பது பலருக்குப் புரிந்தது.

2024 திசம்பரில் மலேசியரின் பசியாறல் பண்பாட்டை, பல்லினச் சமூகம் கூடியுண்ணும் வழக்கமாக, யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைக்குரியதே. அந்தப் பட்டியலில் தனிக் குவளையின் கதை இராது. அதை நாம்தான் சொல்லவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

அடுத்த முறை உணவகக் கட்டுரை எழுதச் சொல்லுமுன், மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரட்டும். முதன்முதலில் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? உங்களுடன் யார் இருந்தார்கள்? யார் உட்காரவில்லை? மூன்றாம் கேள்விக்குச் சிலர் மௌனமாகலாம். வற்புறுத்த வேண்டாம்; மௌனத்தையும் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும்.

பெற்றோர்களே, உணவகத்தில் தாத்தா பாட்டியை முதலில் அமர வையுங்கள். அவர்களுக்கு வேண்டியதை முதலில் கேளுங்கள். மேசை துடைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் பிள்ளைகள் 'நன்றி' சொல்லட்டும். நம் தாத்தாவும் ஒரு காலத்தில் அயல்நாட்டுக் கூலிதான்.

அந்த மாணவியின் கட்டுரைக்கு முழுப் புள்ளிகள் தர இயலவில்லை, ஒற்றுப்பிழைகள் மிகுதி. கீழே, "பாட்டியிடம் இன்னும் கேள். அடுத்த கட்டுரை அதுதான்" என்று எழுதிக் கொடுத்துள்ளேன். விடுமுறை முடிந்ததும் அவள் கொண்டுவரும் ஏட்டுக்காகக் காத்திருக்கிறேன்.