45 மில்லிமீட்டர் நட்பு

விழுப்புரம் ஜங்ஷனில் நின்று பார்த்தால் ஐந்து பக்கம் தண்டவாளம் பிரியும். சென்னை, திருச்சி, புதுச்சேரி, காட்பாடி, மயிலாடுதுறை. சென்னைப் பக்கம் போகும் பாதையில்தான் திண்டிவனம். இன்று எல்லாமே அகலப் பாதை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேட்டுப் பாருங்கள், "மீட்டர் கேஜ் வண்டி" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசுவார்கள்!

அந்த மீட்டர் கேஜ் இன்று எங்கே உயிரோடு இருக்கிறது தெரியுமா? வெளிநாட்டு வீட்டுத் தோட்டங்களில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே! எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நம்ம ஊர்க் கதை

1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்க 1000 மில்லிமீட்டர் அகலப் பாதை இந்தியாவுக்குத் தேர்வானது. ஏற்கெனவே அகலப் பாதையாக இருந்த நாகப்பட்டினம் - திருச்சி தடத்தைக்கூட 1875-ல் மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879-ல் திறக்கப்பட்டது. வெறும் 38 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு முனை ஆங்கிலேயர் ஆட்சியில், மறுமுனை பிரெஞ்சு ஆட்சியில்.

1960-களில் சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை மின்மயமானது. அதற்காக ஜப்பானிலிருந்து ஒய்.ஏ.எம்.1 என்ற வகையில் 20 மின்சார எஞ்சின்கள் வந்தன. பிறகு அகலப் பாதை வந்தது. புதுச்சேரி பாதை 2004-ல் மாறியது. காட்பாடி, மயிலாடுதுறை பாதைகளும் 2010 வாக்கில் மாறிவிட்டன. ஒய்.ஏ.எம்.1 எஞ்சின் ஒன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓடாது, நிற்க மட்டும் செய்யும்.

தோட்டத்துக்குப் போன ரயில்

1891-ல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கு எண் போட்டு அளவுகளை நிர்ணயித்தது. அதில் ஒன்றாம் நம்பர் 45 மில்லிமீட்டர். முதல் உலகப் போருக்குப் பிறகு வீடுகளில் இடம் சுருங்கியது, சின்ன அளவுகள் சந்தையைப் பிடித்தன. 45 கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சிலர் 1947-ல் பிரிட்டனில் 'கேஜ் ஒன் மாடல் ரயில்வே அசோசியேஷன்' என்று சங்கம் வைத்தார்கள். நிறுவனங்கள் கைவிட்ட ஒன்றை நண்பர்கள் காப்பாற்றிய கதை இது.

1968-ல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் மழையிலும் வெயிலிலும் கிடக்கக்கூடிய ரயிலைக் கொண்டுவந்தது. அதே 45 மில்லிமீட்டர் பாதை, பித்தளைத் தண்டவாளம். அசலை 22.5 மடங்கு சுருக்கிய அளவு. இப்போது ஒரு சின்னக் கணக்கு. 45-ஐ 22.5-ஆல் பெருக்குங்கள். 1012.5 வருகிறதா? கிட்டத்தட்ட 1000. ஆமாம், நம்ம மீட்டர் கேஜ்! விழுப்புரத்தின் ஒய்.ஏ.எம்.1 எஞ்சினை யாராவது அந்த அளவில் செய்தால் எந்த நாட்டுத் தோட்டத்திலும் அப்படியே இறக்கி ஓட்டலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் மூன்றடிப் பாதை ரயிலை 20.3 மடங்கு சுருக்கினாலும் 45 தான். ஐரோப்பாவின் பெரிய ரயிலை 32 மடங்கு சுருக்கினாலும் ஏறக்குறைய 45 தான். எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பக்கத்தில் நிறுத்தினால் யானையும் பூனையும் போல இருக்கும். ஆனால் தண்டவாளம் ஒன்று. வணிகவியலில் தரப்படுத்தல் என்று படிக்கிறோமே, அதனால் செலவு குறையும் என்றுதான் பாடத்தில் இருக்கும். முன்பின் தெரியாத இருவர் நண்பர்களாகவும் அது உதவும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ராஜா வீட்டு ரயில்

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பேர்போனவர் குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா. 1906-ல் இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனம் அவருக்கு வெள்ளியில் ரயில் செய்து கொடுத்தது. ஜெய் விலாஸ் அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் அது மதுக் குடுவைகளைச் சுமந்து விருந்தினரிடம் போகும். ஒருவர் குடுவையை எடுத்தால் வண்டி நிற்கும், திரும்ப வைத்தால் நகரும். அழகுதான். ஆனால் சாவி ஒருவர் கையில். யாரும் தன் எஞ்சினைக் கொண்டுவந்து அந்தத் தண்டவாளத்தில் ஓட்ட முடியாது. அங்கே விருந்தினர் உண்டு, கூட்டாளி கிடையாது.

தோட்டத்தில் என்ன நடக்கிறது?

தோட்ட ரயில்காரர்கள் கூடும் நாளில் நிலைமை நேர் எதிர். ஒருவருக்குத் தோட்டமும் பாதையும் இருக்கும். இன்னொருவர் அடுக்குமாடியில் இருப்பார், அவரிடம் பெட்டிக்குள் வைத்த எஞ்சின் மட்டும் இருக்கும். முதலாமவர் இல்லாமல் இவரது எஞ்சின் அலமாரிப் பொருள். இவர் இல்லாமல் அவரது பாதை வெறும் இரும்புக் கம்பி.

அதிலும் நிஜ நீராவி எஞ்சின் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர், எண்ணெய் ஊற்றி, ஸ்பிரிட்டோ கேஸோ பற்றவைத்து, அழுத்தம் ஏறக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு. டீ குடித்து, பிள்ளைகள் கதை, மூட்டு வலி எல்லாம் பேசி முடிக்கும்போது விசில் கிளம்பும். ரிமோட் இல்லாத எஞ்சினைக் கிளப்பிவிட்டால் அதன் போக்கில் ஓடும். வளைவில் கவிழாமல் பிடிக்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும். தனியாக விளையாட முடியாத விளையாட்டு! பல தோட்டங்களில் பாதையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் போட்டிருப்பார்கள். எஞ்சினைக் கையாள வசதி என்பது ஒரு காரணம். குனிய முடியாத வயதிலும் நண்பர் வரவேண்டும் என்பது இன்னொன்று.

இந்த நட்பு பொம்மையோடு நிற்பதும் இல்லை. வேல்ஸில் தாலிலின் என்ற நிஜ ரயில்பாதை மூடப்படும் நிலையில் இருந்தபோது, 1950 அக்டோபரில் ரயில் பிரியர்கள் பர்மிங்காமில் கூடினார்கள். 1951 மே 14 அன்று தன்னார்வலர்களாகவே ரயிலை ஓட்டிவிட்டார்கள். உலகிலேயே அப்படி மீட்கப்பட்ட முதல் ரயில்பாதை அது.

நமக்கு?

புனேயில் ஜோஷி என்பவர் 1998-ல் மினியேச்சர் ரயில் அருங்காட்சியகமே திறந்தார். நம் பக்கம் வெயிலில் தண்டவாளம் விரியும், ஐப்பசி மழையில் சேறு மூடும், இறக்குமதிப் பொருள் விலை கையைச் சுடும். உண்மைதான். ஆனால் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மீட்டர் கேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த வளைவில் வேகம் குறையும், எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்குப் பிறகு அதைக் கேட்க ஆள் கிடையாது. ஒரு மொட்டை மாடியும், 45 மில்லிமீட்டர் பாதையில் ஒரு வட்டமும் இருந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள்.

எஞ்சின் யாருடையதாகவும் இருக்கலாம். பாதை ஒன்றாக இருந்தால் சரி.