சிக்கன வகுப்பு விமானக் கட்டண வகைகள்

சிக்கன வகுப்பு விமானக் கட்டண வகைகள் என்பவை, ஒரே தரமான இருக்கைகளை வெவ்வேறு விதிகளுடன் வெவ்வேறு விலைக்கு விற்பதற்காக விமான நிறுவனங்கள் வகுத்துள்ள பிரிவுகள் ஆகும். எகானமி வகுப்பு எனப் பரவலாக அறியப்படும் இவ்வகுப்பில் அருகருகே அமர்ந்து செல்லும் இருவர் செலுத்திய தொகைகள் பெரிதும் வேறுபடலாம். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரைச் சென்றடைவர். பயண நாளை மாற்றவோ பயணத்தைக் கைவிடவோ நேரும்போதுதான் அவர்கள் வாங்கிய சீட்டுகளின் வேறுபாடு தெரியவரும். கூட்டங்கள் தள்ளிப்போவதும் பணிகள் நீள்வதும் வழக்கமான அலுவல் பயணங்களில் இவ்வேறுபாடு முக்கியத்துவம் பெறுகிறது.

வரலாறு

வடக்கு அத்திலாந்திக் வழித்தடங்களில் 1952ஆம் ஆண்டு சுற்றுலா வகுப்பும், 1958ஆம் ஆண்டு சிக்கன வகுப்பும் அறிமுகமாயின. அக்காலத்தில் பன்னாட்டுக் கட்டணங்கள், 1945இல் தோற்றுவிக்கப்பட்ட பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் (ஐயாட்டா) வழியாக உடன்பாடு செய்யப்பட்டு, அரசுகளின் ஒப்புதலுடன் நடைமுறைக்கு வந்தன.

1970களின் தொடக்கத்தில் பிரித்தானிய நிறுவனமான பி.ஓ.ஏ.சி., முன்கூட்டியே சீட்டு வாங்குவோருக்குக் குறைந்த கட்டணத்தை வழங்கியது. குறைந்த விலைக்கு எத்தனை இருக்கைகளை விற்பது, கடைசி நேரத்தில் முழு விலை தரக்கூடியவருக்காக எத்தனை இருக்கைகளை ஒதுக்கி வைப்பது என்ற சிக்கல் இதனால் எழுந்தது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் 1972இல் இதற்கு ஒரு விதியைத் தந்தார். முழுக் கட்டணத்தை, அக்கட்டணத்தில் அவ்விருக்கை பின்னர் விற்பனையாகும் நிகழ்தகவால் பெருக்க வேண்டும். கிடைக்கும் தொகையை விடத் தள்ளுபடிக் கட்டணம் மிகுதியாக இருக்கும் வரை, தள்ளுபடியில் விற்கலாம் என்பதே அவ்விதி.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1977இல் 'சூப்பர் சேவர்' என்னும் தள்ளுபடிக் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. 1978இல் அமெரிக்க அரசு உள்நாட்டு விமானக் கட்டணங்களின் மீதான கட்டுப்பாட்டை நீக்கச் சட்டமியற்றிய பின் இத்தகைய கட்டணங்கள் பெருகின. அலுவல் பயணிகள் தள்ளுபடிச் சீட்டுகளை வாங்குவதைத் தடுக்க, செல்லுமிடத்தில் சனிக்கிழமை இரவு தங்கியாக வேண்டும் என்ற விதி பரவலாகச் சேர்க்கப்பட்டது. வார நாட்களில் பணி முடித்து, வார இறுதியில் வீடு திரும்ப விரும்புவோருக்கு அவ்விதி ஒத்துவராது. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே சீட்டு விற்ற குறைந்த கட்டண நிறுவனங்களின் வளர்ச்சியால், பல வழித்தடங்களில் இவ்விதி பின்னர் வழக்கொழிந்தது.

இந்தியாவில் 1953ஆம் ஆண்டின் வான் போக்குவரத்துக் கழகங்கள் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. ஏர் டெக்கான் 2003இல் குறைந்த கட்டணச் சேவையைத் தொடங்கியது.

பதிவு வகுப்பு

ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எழுத்தாலான பதிவு வகுப்பு உண்டு. சிக்கன வகுப்பின் முழுக் கட்டணத்தை 'ஒய்' என்னும் எழுத்து குறிப்பது நெடுநாளைய வழக்கம். பி, எம், எச், கே, கியூ முதலிய எழுத்துகள் பல நிறுவனங்களில் தள்ளுபடி நிலைகளைக் குறிக்கின்றன. எழுத்துகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு நிலைக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகள் தீர்ந்ததும் அடுத்த நிலையின் விலை தோன்றும். காலையில் கண்ட விலை மாலையில் உயர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

முதன்மையான வகைகள்

வகைகளின் பெயர்கள் நிறுவனத்துக்கு ஏற்ப மாறினாலும், விதிகளைக் கொண்டு அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

அடிப்படைக் கட்டணம்: மிகக் குறைந்த விலை. இருக்கைத் தேர்வு, சரக்குப் பெட்டி, நாள் மாற்றம் ஆகியவற்றுள் சிலவோ அனைத்துமோ இதில் இரா. அமெரிக்காவில் டெல்டா 2012 அளவில் தொடங்கிய இம்முறையை அமெரிக்கன், யுனைடெட் ஆகியவை 2017இல் பின்பற்றின. இந்தியாவில், பெட்டி ஒப்படைக்காத பயணிகளுக்குத் தள்ளுபடி வழங்க 2021இல் அனுமதி அளிக்கப்பட்டது.

சேமிப்புக் கட்டணம்: பெரும்பாலோர் வாங்குவது. கட்டணம் செலுத்தி நாளை மாற்றலாம். பயணத்தைக் கைவிட்டால் தொகையின் பெரும்பகுதியை இழக்க நேரிடலாம்.

நெகிழ்வுக் கட்டணம்: மாற்றக் கட்டணம் இராது, அல்லது குறைவாக இருக்கும். உணவு, இருக்கைத் தேர்வு முதலியன சேர்ந்திருக்கலாம்.

முழுக் கட்டணம்: நாளை மாற்றவும் பணத்தைத் திரும்பப் பெறவும் பொதுவாக இடமுண்டு. விலை மிகுதி.

நிறுவனக் கட்டணம்: அலுவலகங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் உடன்பாட்டின் பேரில் தரப்படுவது. சேமிப்புக் கட்டணத்தை விடச் சற்று கூடுதலான விலையில் தளர்வான விதிகளைக் கொண்டிருப்பது வழக்கம்.

'மாற்றக்கூடியது' என்பதும் 'பணம் திரும்பக் கிடைப்பது' என்பதும் ஒன்றல்ல. மாற்றக் கட்டணம் இல்லாத சீட்டிலும், புதிய நாளின் விலை கூடுதலாக இருந்தால் அந்த வேறுபாட்டைச் செலுத்த வேண்டும். 2020இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள், அடிப்படைக் கட்டணச் சீட்டுகள் நீங்கலாக, உள்நாட்டுப் பயணங்களுக்கான மாற்றக் கட்டணத்தை நீக்கியபோதும் விலை வேறுபாட்டை நீக்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

லிட்டில்வுட்டின் விதியில் விமான நிறுவனம் நிகழ்தகவைக் கணக்கிடுவது போலவே, சீட்டு வாங்குபவரும் தம் பயணம் மாறும் நிகழ்தகவைக் கொண்டு முடிவெடுக்கலாம். விலை வேறுபாட்டை மாற்றக் கட்டணத்தால் வகுத்தால் கிடைப்பது சமநிலை எல்லை ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வழித்தடத்தில் சேமிப்புச் சீட்டு 5,500 ரூபாய், அதன் மாற்றக் கட்டணம் 3,000 ரூபாய் எனக் கொள்வோம். மாற்றக் கட்டணம் இல்லாத நெகிழ்வுச் சீட்டு 6,400 ரூபாய். வேறுபாடு 900 ரூபாய். 900 ÷ 3,000 = 0.3. பத்துப் பயணங்களில் மூன்றுக்கு மேல் நாள் மாறுமானால் நெகிழ்வுச் சீட்டே மலிவானது. மூன்றுக்குக் குறைவானால் சேமிப்புச் சீட்டு மலிவானது. புதிய நாளுக்கான விலை வேறுபாட்டை இரு சீட்டுகளிலும் செலுத்த வேண்டியிருப்பதால், அது இக்கணக்கில் சேராது. ஒரே சீட்டை இருமுறை மாற்றினால் கட்டணமும் இருமுறை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பயணத்தின் இரு பகுதிகளும் ஒரே அளவில் மாறுவதில்லை. நாள் குறிக்கப்பட்ட ஒரு தேர்வுக்கோ மாநாட்டுக்கோ செல்லும் நாள் பெரும்பாலும் உறுதியானது. பழுது நீக்கவோ பேச்சுவார்த்தைக்கோ சென்றவர் திரும்பும் நாள் உறுதியற்றது. இந்திய உள்நாட்டுப் பயணங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே விலை கிடைப்பதால், செல்வதற்குச் சேமிப்புச் சீட்டும் திரும்புவதற்கு நெகிழ்வுச் சீட்டும் வாங்கலாம். பன்னாட்டுப் பயணங்களில் இருவழிச் சீட்டு, இரண்டு ஒருவழிச் சீட்டுகளை விடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இருவழிச் சீட்டின் முதற்பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால், எஞ்சிய பகுதிகளும் நீக்கப்படுவது பொதுவான விதி.

இரு விமானங்களில் தொடர்ந்து செல்வோர் அவற்றைத் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிடும் இழப்பு பொதுவாகப் பயணியையே சாரும். ஒரே சீட்டாக இருப்பின் மாற்று விமானத்தில் இடம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பாகும்.

விதிகளும் வரியும்

அமெரிக்காவில், புறப்பாட்டுக்கு ஏழு நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விமான நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்தவர், 24 மணிநேரத்துக்குள் இழப்பின்றி விலக நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும். அல்லது பணம் பெறாமல் அவ்விலையை 24 மணிநேரம் காத்து வைக்க வேண்டும். இவ்விதி 2012இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவில் 2016இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அடிப்படைத் தொகை திரும்பக் கிடைக்காத சீட்டிலும், பயணம் செய்யாதவருக்குச் சட்டப்பூர்வ வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டும். பலர் இதனைக் கோராமல் விட்டுவிடுகின்றனர். சிக்கன வகுப்புச் சீட்டுக்கு 5% சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. பதிவின்போது நிறுவனத்தின் வரிப் பதிவெண்ணைத் தந்தால், தகுதியுள்ள நிறுவனங்கள் உள்ளீட்டு வரி வரவு கோர இயலும்.

நிறுவனங்களின் பயண விதிகள்

பல அலுவலகங்கள், ஊழியர் மிகக் குறைந்த விலையில் உள்ள சீட்டையே வாங்க வேண்டும் என விதித்துள்ளன. இந்திய நடுவண் அரசின் நிதி அமைச்சகம் 2022 ஜூனில், அரசு ஊழியர்கள் இயன்றவரை 21 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யவும், தகுதியுள்ள வகுப்பில் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கவும், தேவையின்றிச் சீட்டை நீக்குவதைத் தவிர்க்கவும் அறிவுறுத்தியது.

சீட்டின் விலையை மட்டும் நோக்கும் விதியில் ஒரு குறை உண்டு. மாற்றக் கட்டணமும் பயன்படாது போன சீட்டும் வேறொரு நாளில், வேறொரு கணக்கில் பதிவாவதால், அவை முதலில் எடுத்த முடிவின் விளைவுகள் என்பது தெரிவதில்லை. 900 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டவரிடம் விளக்கம் கேட்கப்படும். பின்னர் 3,000 ரூபாய் செலுத்தியவரின் செலவு தவிர்க்க முடியாததாகக் கொள்ளப்படும். கட்டணத்தைத் தம் கையிலிருந்து செலுத்திவிட்டு, அது திரும்பக் கிடைக்குமா என்று காத்திருக்கும் ஊழியருக்கு இதன் சுமை மிகுதி. முந்தைய ஓராண்டின் பயணங்களில் எத்தனை மாறின, அவற்றுக்கு மொத்தம் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று கணக்கிட்டால், ஓர் அலுவலகம் தனக்குப் பொருந்தும் கட்டண வகையை மேற்கண்ட முறையில் எளிதாக அறியலாம்.