கணக்கிற்குப் பெயர் சூட்டிய முன்னோர்

வீட்டு வரவு செலவை எழுதி வைக்கத் தொடங்கும் குடும்பங்கள் பல, இரண்டொரு மாதத்தில் அதைக் கைவிட்டு விடுகின்றன. குறிப்பேட்டைப் புரட்டினால் காரணம் விளங்கும். பாதிக்கு மேற்பட்ட தொகை ‘இதர செலவு’ எனும் ஒரே தலைப்பின்கீழ் கிடக்கும்! கணக்கிற்கு என்ன பெயர் வைப்பது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால், இதே மலாயா மண்ணில் தொழில் நடத்திய தமிழர் ஒரு பிரிவினர் அதற்குத் தெளிவான விடை வைத்திருந்தனர்.

அவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். 19ஆம் நூற்றாண்டில் செட்டிநாட்டிலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். சிங்கப்பூரில் 1859இல் தெண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். நம் ஜொகூரின் மூவாரிலும் ரப்பர்க் காலத்தில் அவர்களின் வட்டித் தொழில் நடந்தது. ஒரே கிட்டங்கியில் பல நிறுவனங்கள் பெட்டியும் சாய்மேசையுமாக அருகருகே இயங்கின. எனவே, பெயரில் குழப்பம் நேர்ந்தால் பணத்திலும் குழப்பம் நேரும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த ‘விலாசம்’ ஒவ்வொரு நிறுவனத்தையும் பிரித்துக் காட்டியது.

அன்றாட நடப்புகள் குறிப்பில் பதிவாகும். பின்னர் அவை பேரேட்டில் ஆள்வாரியாக, இனவாரியாகப் பிரியும். இறுதியில் ஐந்தொகை எடுக்கப்படும். இலங்கையின் கணக்கியல் பாடநூல்களிலும் இருப்புநிலை அறிக்கையை ‘ஐந்தொகை’ எனக் குறிக்கும் வழக்கு இருந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பேரேட்டுத் தலைப்புகளைப் பாருங்கள். உரிமையாளர் இட்டது ‘முதல் பணம்’. அதற்கு மேல் அவரும் உறவினரும் வட்டிக்கு விட்டு வைத்தது ‘மேல் பணம்’. குறித்த காலத்திற்குப் பெற்ற வைப்புத்தொகை ‘தவணை’. கோயிலுக்கும் அறத்திற்கும் ஒதுக்கியது ‘மகமை’. பெண்களுக்கு உரியது ‘ஆச்சிமார் பணம்’.

இப்பெயர்கள் பணம் எங்கே போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது யாருடையது என்பதையும் சொல்கின்றன. ஒரு பெண்ணின் சீதனப் பணம் கணவன் வீட்டுத் தொழிலில் புழங்கினாலும், அவள் கணக்கில் தனியே நின்று வட்டி ஈட்டியது. ‘குடும்பப் பணம்’ எனப் பொதுவாக எழுதியிருந்தால் அவளது உரிமை ஏட்டிலிருந்தே மறைந்திருக்கும். அவ்வாறே, மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு ‘புள்ளி’. ஒரே வளவில் வாழ்ந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சமையல், தனிக் கணக்கு.

பெயரின் வலிமையை நம் காலத்திலும் காண்கிறோம். ஊழியர் சேமநிதி வாரியம் முன்பு சேமிப்பை ‘கணக்கு 1’, ‘கணக்கு 2’ என எண்களால் குறித்தது. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டோரின் சந்தாவில் 75 விழுக்காடு ‘பெர்சாரான்’, 15 விழுக்காடு ‘செஜாத்ரா’, 10 விழுக்காடு ‘பிளெக்சிபெல்’ கணக்குகளில் சேர்கிறது. ஓய்வுக்காலம், நல்வாழ்வு, நெகிழ்வு எனப் பெயரே பயனை உணர்த்துகிறது. ‘ஓய்வுக்காலம்’ எனப் பெயரிட்ட பணத்தில் கைவைக்க மனம் சற்றே தயங்கும் அல்லவா?

பெற்றோரே, தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் சேரும் அன்பளிப்புப் பணம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது? பல வீடுகளில் அது மளிகைச் செலவில் கலந்து கரைந்து விடுகிறது. அதற்குப் பிள்ளையின் பெயரிலேயே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவசரத்திற்கு எடுத்தால் ‘கடன்’ என்றே எழுதுங்கள்; திருப்பிக் கொடுத்ததையும் எழுதுங்கள். இல்லத்தரசியின் சேமிப்புக்கும் ஒரு பக்கம், அறச்செயலுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். தலைப்புகள் பத்துக்கு மிகாமல் இருந்தால் எழுதும் பழக்கம் நிலைக்கும். ‘இதர’ என்பது பெருத்தால், அதனுள் பெயரில்லாத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

ஆசிரியர்களே, ஆண்டு நான்கு, ஐந்தில் பணம் தொடர்பான கணிதப் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் ஒரு வெற்றுப் பேரேட்டைக் கொடுத்துத் தலைப்புகளை அவர்களையே இடச் சொல்லலாம். கூட்டலும் கழித்தலும் பிறகு வரட்டும். யாருடைய பணம், எதற்குரிய பணம் எனும் நேர்மை முதலில் வரட்டும்!