குரைப்பொலியும் குடிவாழ்வும்

குரைப்பதற்காகவே மனிதன் நாயை வளர்த்தான். குரைக்கிறதே என்று அவனே அதனை வெறுக்கவும் செய்தான். இவ்விரு மனநிலைகளுக்கும் இடையில் கழிந்த காலம் மிக நீண்டது. அதனை வரலாறாக எழுதப் புகுந்தோர் அரியர். அரசர் வரலாறும் போர் வரலாறும் எழுதிய கைகளுக்கு, நள்ளிரவில் அண்டை வீட்டு நாய் எழுப்பும் ஓசை எழுதத்தக்க பொருளாகத் தோன்றவில்லை போலும். ஆயினும் பினாங்கு போன்றதொரு நகரில், பல இனத்தவர் சுவரோடு சுவராக வாழும் இடத்தில், அவ்வோசை சிறிய பொருளன்று. அது நட்பைக் கெடுக்கும்; அதிகாரிகளை வாயிலுக்கு அழைத்து வரும்; சில வேளை நஞ்சு கலந்த சோற்றுருண்டையாக மதில் தாண்டி விழவும் செய்யும்.

பழந்தமிழர் இவ்வோசையை நன்கறிந்திருந்தனர். அகநானூற்றின் 122-ஆம் பாடலில் பரணர், இரவில் தலைவனைச் சந்திக்க முடியாத தலைவியின் இடர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். ஊர் உறங்கினால் அன்னை உறங்குவதில்லை. அன்னை உறங்கினால் காவலர் திரிகின்றனர். காவலர் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது. நாய் அடங்கினால் நிலவு பகல்போற் காய்கிறது. கூகையும் கோழியும் தத்தம் பங்கிற்குக் குரலெழுப்புகின்றன. எல்லாம் அடங்கிய ஒரு நாளில் தலைவனே வரவில்லை! குரைப்பு ஈண்டு இடையூறுதான். ஆனால் அதனைக் குற்றமென்று எவரும் கூறவில்லை. நாய் தன் கடமையைச் செய்தது. காதலர்க்கு அஃது உகந்ததாய் அமையவில்லை, அவ்வளவே.

அக்கடமைக்குக் கல்லெடுத்துச் சிறப்புச் செய்த ஊரும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அக்கல்லில், வீரனின் அருகே அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லெழுத்துக் கூறுகிறது. எத்தனையோ படைத்தலைவர்களின் பெயர் மறைந்துபோன நாட்டில், ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது.

சிற்றூரில் கடமையாக இருந்த குரைப்பு நகரத்தில்தான் தொல்லையாக மாறியது. பிரான்சிஸ் லைட் 1786-இல் ஜார்ஜ் டவுனைத் தோற்றுவித்தபின், துறைமுகத்தை ஒட்டிக் கடைவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. கீழே சரக்கு, மேலே குடும்பம், முன்னே அஞ்சடி. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவர். இரவில் அச்சரக்கைக் காக்க ஆள் வேண்டியிருந்தது. அஞ்சடியில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த சீக்கிய ஜாகாக்களை மூத்தோர் அறிவர். காவலைக் குறிக்கும் ‘ஜாகா’ என்னும் மலாய்ச் சொல் நம்மவர் பேச்சில் காவற்காரருக்கே பெயராகிவிட்டது. ஜாகா வைக்கப் பொருளில்லாதவனுக்கு நாயே ஜாகா. கூலி கேட்காத, ஆனால் ஓசையின்றி வேலை செய்யத் தெரியாத ஜாகா.

பினாங்கு 1867 வரை இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின்கீழ் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1856-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களின் காவல் ஒழுங்கோடு பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகியவற்றின் காவல் ஒழுங்கையும் சேர்த்தே வகுத்தது. ஆகவே ஆங்கிலேயரின் நகராட்சி நாயை எந்தக் கண்கொண்டு பார்த்தது என்றறிய, ஒருமுறை பம்பாய்க்குச் சென்று வருதல் தகும்.

அங்கே 1813 முதல், வெயிற்காலத்தில் தெருநாய்களைக் கொல்ல ஒரு விதி இருந்தது. 1832-இல் அக்காலவெல்லை சூன் நடுப்பகுதிவரை நீட்டிக்கப்பட்டது. கொன்ற நாய்க்குத் தலைக்கு இவ்வளவு என்று காவலர்க்குக் கூலியும் தரப்பட்டது. இங்கேதான் கேடு புகுந்தது. கூலிக்குப் பிடிப்பவன் எளிதில் அகப்படும் நாயையே தேடுவான். எளிதில் அகப்படுவதோ மனிதரை நம்பும் வீட்டு நாய். பார்சி மக்களுக்கு நாய் வெறும் காவல் விலங்கன்று. இறந்தவர் உடலை நாய் பார்த்தபின்னரே இறுதிச் சடங்கு நிறைவுறும் என்பது அவர்தம் சமய வழக்கு. 1832 சூன் 6-ஆம் நாள் அவர்கள் காவலர்மீது பாய்ந்தனர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. ஆங்கிலப் படையினர்க்குச் செல்லும் உணவுப் பொருள்களும் நிறுத்தப்பட்டன. இறுதியில் படை வந்தே கலகத்தை அடக்கியது. இரண்டாண்டுகள் கழித்து, 1834-இல், சம்செட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர்கள் அந்நகரில் பாஞ்சராப்போல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். நாயைத் தெருவிலிருந்து அகற்றுவதற்குக் கொலையல்லாத வழியும் உண்டென்று வணிகர்கள் அரசுக்குக் காட்டியதாக இதனை நான் கருதுகிறேன்.

அரசுகள் அப்பாடத்தை விரைந்து கற்கவில்லை. சென்னை மாநகராட்சி 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நாய்களைப் பிடித்துக் கொன்றே வந்தது. 1959-இல் அந்நகரில் தோன்றிய ப்ளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாறாகக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யுமாறு 1964 முதல் வலியுறுத்தியது; 1996-இல்தான் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கொல்வதற்குக் கூறப்பட்ட காரணம் பெரும்பாலும் வெறிநோயே. அக்காரணம் பொய்யன்று, நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக மிக அரியர். பாஸ்டர் 1885-இல் தடுப்பு மருந்து கண்டபின்னும் அச்சம் அகலவில்லை. மலாயாவில் 1952-இல் கோலாலம்பூர்ப் பகுதியில் அந்நோய் பரவியபோது, நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போடப்பட்டது, தெருநாய்கள் அழிக்கப்பட்டன. தாய்லாந்து எல்லையை ஒட்டிய வடமாநிலங்களில் தடுப்பூசி அரண் ஒன்றும் அமைக்கப்பட்டது. இவற்றால் நோய் அடங்கியது. 2013-இல் மலேசியா வெறிநோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் பினாங்கிலும் கண்டறியப்பட்டது. தெருநாய்களைக் கொல்லும்படி மாநில அரசு ஆணையிட்டது. விலங்கு நல அமைப்பினர் கடுமையாக எதிர்த்தனர். தடுப்பூசியா கொலையா என்ற வழக்காடல் நாடெங்கும் எழுந்தது.

இத்தகைய வேளைகளில் இருவகை நாய்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதே என் கவலை. நோயுள்ள நாய் ஒன்று. ஓசையால் தூக்கத்தைக் கெடுக்கும் நாய் மற்றொன்று. பின்னதன்மேல் நெடுநாள் சினம் கொண்டவன், முன்னதற்காக வரும் ஆணையைக் கண்டு உள்ளூர மகிழ்கிறான். உண்மையில் வெறிநோய் முற்றிய நாய்க்குக் குரல்வளைத் தசைகள் செயலிழந்து குரல் கம்மி மாறிவிடுவது வழக்கம். இரவெல்லாம் கணீரென்று ஓயாது குரைப்பது ஒன்றே நோய்க்குச் சான்றாகாது.

இனி, குரைப்பு நம் காலத்தில் ஏன் மிகுந்தது என்பதைக் காண்போம். 1969-இல் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளும், அதன்பின் தீவெங்கும் பரவிய தாமான்களும் பினாங்கு மக்களின் வாழ்விடத்தையே மாற்றின. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் திறக்கப்பட்டபோது, கம்பத்துப் பெண்களும் தோட்டப்புறத்துப் பெண்களும் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்த காலம் மறைந்தது. கம்பத்தில் அவிழ்த்துவிடப்பட்டு, அறிந்த முகங்களிடையே திரிந்த நாய், தாமானில் இரும்புக் கதவின் பின்னே பகல் முழுதும் தனித்துக் கட்டப்பட்டது. கதவுக்கு முன்னே ஓயாத போக்குவரவு. கடந்து செல்பவர் எல்லாரும் அதற்கு அயலார். அது குரைக்கிறது, அவர் சென்றுவிடுகிறார். தன் குரைப்பே அவரைத் துரத்தியதென்று நாய் கொள்கிறது போலும். அடுத்தவர் வரும்போது இன்னும் உரக்கக் குரைக்கிறது. அதே வேளையில், அடுத்த வீட்டில் இரவு முறை வேலை முடித்து வந்த தொழிலாளி உறங்க முயல்கிறார். நாயைத் தனிமைப்படுத்திய தொழிற்சாலையே அவர் உறக்கத்தைப் பகலுக்கு மாற்றியது!

இதனோடு சமய உணர்வும் சேர்கிறது. மலேசிய முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபி நெறியின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவுதல் வேண்டும். அவற்றுள் ஒன்று மண் கலந்த நீராக இருத்தல் வேண்டும். காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள அந்நெறியில் இடமுண்டு எனினும், வேலியிடுக்கில் மூக்கை நீட்டும் அயலார் நாய் அவர்க்கு உண்மையான இடரே. அதனை வெறுப்பென்று எண்ணுவது அறியாமை. வளர்ப்பவர் தமிழராயினும் சீனராயினும், நாய் வேலியை அணுகாதவாறு செய்தல் அவர் பொறுப்பேயாகும்.

சட்டமும் மெல்ல மெல்ல அப்பொறுப்பின் பக்கமே வந்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் பிறர்க்கு எரிச்சலூட்டும் செயலைத் தொல்லை என வகுத்து, அதனை நீக்குமாறு உரியவர்க்கு அறிவிக்கை தர இடமளிக்கிறது. நாய்க்கு உரிமம் பெறுபவரும் மனிதரே. பம்பாயில் தலைக்குக் கூலி வைத்துத் தேடப்பட்டது நாய். இன்று அறிவிக்கை தேடி வருவது அதன் உரிமையாளரை. 2015-இல் இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டமோ, அயலார் துயரோடு நாயின் துயரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

எனினும் ஓசையை ஓசையாகவே அடக்க முயன்றோர் பலர். குரல் நாணை அறுத்தனர். 1987-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வளர்ப்பு விலங்குப் பாதுகாப்பு உடன்படிக்கை அதனை விலக்கியது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையைக் கட்டினர். வேல்ஸ் நாடு 2010-இல் அதனைத் தடை செய்தது. வளர்ந்த ஓநாய் அரிதாகவே குரைக்கும்; அதன் வழிவந்த நாய்தான் மனிதரோடு வாழ்ந்து பலவகையாகக் குரைக்கக் கற்றது. புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த குரைப்பைக் கேட்ட மனிதர்கள், அது அயலாரைக் கண்ட குரைப்பா, தனிமையில் எழுந்த குரைப்பா, விளையாட்டா என்பதை ஓரளவு சரியாகவே பிரித்தறிந்தனர். கேட்கும் செவி நம்மிடம் இருக்கிறது. தனிமையால் குரைக்கும் நாயை அதட்டினால் அது அடங்காது. உரிமையாளரும் தன்னோடு சேர்ந்து குரைக்கிறார் என்றே அது மகிழக்கூடும்.

அண்டை வீட்டாரின் முறையீடு வந்தவுடன் நாயை லோரியில் ஏற்றித் தொலைவில் விட்டுவருவோர் உளர். அதற்குமுன் செய்யத்தக்கவை சில உண்டு. அவற்றுக்குச் செலவும் மிகுதியில்லை. வாயிற்கதவின் கம்பிகளுக்குத் தட்டியடித்துத் தெருவை மறைக்கலாம். கட்டுமிடத்தை முன்வாயிலிலிருந்து பின்கட்டுக்கு மாற்றலாம். வேலைக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் நடத்திச் செல்லலாம். அமைதியாயிருக்கும் வேளை பார்த்து ஒரு வாய் உணவு கொடுக்கலாம். இவற்றால் சில கிழமைகளில் குரைப்புக் குறையும், முற்றிலும் நிற்காது. முற்றிலும் குரைக்காத நாயை இரவுக் காவலுக்கு எவரும் வைத்துக்கொள்வதுமில்லை.